சத்தம் போடாத கமரா

என் பழைய கமரா சாகப்போகிறது என்ற செய்தி ஒரு பிள்ளையின் நெற்றி வழியாக எனக்கு வந்தது. முதல்நன்மைப் படம், கோயிலில் பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி, முகம் நிறையப் பரிசுத்தம், நெற்றிக்கு மேலே அகலமாக ஒரு கறுப்புப் பட்டை.

"இதென்ன அண்ணை, பிள்ளைக்குத் தொப்பி போட்டு விட்டிருக்கிறீங்கள்?" என்று தாய் கேட்டாள்.

"தூண் நிழல் தங்கச்சி," என்றேன். அந்தக் கோயிலில் தூணே இல்லை.

அது ஷட்டர். கமராவுக்குள் ஒளியை ஒரு கணம் விட்டு உடனே மூடுகிற கதவு. என்னுடையது பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். அதன் கதவு தன் ஆயுளை எப்போதோ தாண்டிவிட்டது. பத்துப் படத்துக்கு ஒருமுறை பாதி வழியில் நின்று யோசிக்கத் தொடங்கியிருந்தது. அது யோசிக்கிற இடத்தில் படம் கறுப்பு. எந்தப் பத்தாவது படம் என்பதை முன்கூட்டிச் சொல்லும் மரியாதையும் அதற்கு இல்லை.

சத்தம் மட்டும் குறையவில்லை. டக்கடார்! தகரப் படலையை ஒருவன் காலால் உதைத்துச் சாத்துவதுபோல ஒரு சத்தம். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற நேரத்தில மணி ஒருபக்கம் அடிக்குது, உம்மட கமரா ஒருபக்கம் அடிக்குது. சனம் எதுக்குக் கும்பிடுறதெண்டு தெரியாமல் முழிக்குது."

"ரெண்டுக்கும் கும்பிட்டால் குற்றமோ ஃபாதர்?"

"இனி உந்தச் சத்தத்தோட பீடத்துக்குக் கிட்ட வரவேண்டாம்," என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. மீள்குடியேற்றம் என்றால் படிவம். படிவம் என்றால் படம். நானும் இந்தியாவில் அகதி முகாமில் இருந்து வந்தவன்தான். அங்கே ஒரு ஸ்டூடியோவில் பழகிய தொழிலை மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஓர் அறையில் விரித்து வைத்திருந்தேன். அடையாள அட்டைக்கு வருகிறவர்கள் கதிரையில் இருந்து கண்ணை முழிப்பார்கள், டக்கடார் என்று கேட்டதும் மூச்சு விடுவார்கள், எழும்புவார்கள். பட்டை விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் நான் கனநாள் பொறுத்துப் போனேன்.

பிறகு அந்த அக்கா வந்தார்.

இலுப்பைக்கடவைப் பக்கம் குடியேறிய குடும்பம். புருஷன் இந்திய முகாமிலேயே காலமாகிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணம். மூன்று கிழமை இருந்தது. தவக்காலம் தொடங்கினால் கோயிலில் தாலி கட்ட முடியாது, ஆகவே ஊரிலுள்ள கலியாணம் எல்லாம் அந்த மூன்று கிழமைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"தம்பி, அல்பம் சின்னனாயிருந்தாலும் பரவாயில்லை," என்றார். "தாலி கட்டுற படம் ஒண்டு வேணும். அது தவறக்கூடாது."

"அக்கா, நான் நூறு எடுத்துத் தருவன்."

"நூறு வேண்டாம். ஒண்டு. ஆனால் அது இருக்கவேணும்."

தன் கலியாணப் படங்களை அவர் ஒரு சூட்கேசில் வைத்திருந்தாராம். குடும்பமாகக் கடல் தாண்டிப் போனபோது வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. பாரத்தைக் குறைக்கச் சொல்லி வள்ளக்காரன் கத்தினான். சூட்கேஸ் போனது.

"அவர் எனக்குத் தாலி கட்டினதெண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லைத் தம்பி. பிள்ளையள் கேக்குங்கள், அப்பா அண்டைக்கு எப்பிடி இருந்தவர் எண்டு. நான் வாயால சொல்லுவன்."

"வடிவா எடுப்பம் அக்கா," என்று சொன்னேன். சொல்லும்போது என் கை மேசையில் கிடந்த கமராவைத் துணியால் மூடியது, ஏதோ அது காது கொடுத்துக் கேட்டுவிடப்போவதுபோல. தாலி கட்டுவது எத்தனையாவது படமாக வரும்? அது அந்தப் பத்தாவதாக இருந்தால்?

அன்றிலிருந்து எனக்கு இருப்பும் இல்லை, படுப்பும் இல்லை.

லென்ஸ் இல்லாத வெறுங் கமராவைக் கடைக்காரர்கள் பொடி என்பார்கள். என் லென்ஸ்கள் நல்ல சுகமாக இருந்தன, பொடிதான் மாற்றவேண்டும். இன்டர்நெட் கடையில் போய்க் குந்தினேன். முதல்நாள் எட்டு மொடல். மூன்றாம் நாள் இரண்டு. அந்த இரண்டோடு நான் சிக்கிக்கொண்டேன்.

ஒன்று, யாரோ பாவித்த பெரிய பொடி. உள்ளே ஒளியைப் பிடிக்கும் சென்சர் பெரியது, இருட்டில் பூனைக்கு நிகராகப் பார்க்கும். ஆனால் என் அகல லென்ஸ் சின்னச் சென்சருக்கென்று செய்தது. பெரிய பொடியில் பூட்டினால் படத்தின் நாலு மூலையும் கறுத்து, கிணற்றுக்குள் இருந்து கலியாணம் பார்ப்பதுபோல இருக்கும். மற்றது புதுசு. என் லென்ஸ்கள் எல்லாம் பொருந்தும். ஆனால் இருட்டில் புள்ளிபுள்ளியாக எடுத்து, மாப்பிள்ளையின் முகத்தில் கடற்கரை மணலைத் தூவிவிடும்.

இன்டர்நெட்டில் ஆளுக்கொரு சத்தியம். ஒருவன் பெரிய பொடி இல்லாதவன் படக்காரனே இல்லை என்றான். இன்னொருவன், லென்ஸ்தான் எல்லாம், பொடியைப் பற்றிக் கதைக்கிறவன் மடையன் என்றான். நான் இரண்டு பேரையும் நம்பினேன். காலையில் ஒருவனை, பின்னேரம் மற்றவனை.

கொப்பி ஒன்றில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதி வைத்தேன். என் மனைவி அதை எடுத்துப் பார்த்தாள்.

"என்னைப் பொம்பிளை பாக்க வந்தனீங்களல்லோ, அப்ப எவ்வளவு நேரம் யோசிச்சனீங்கள்?"

"ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்."

"அதுக்குள்ள சம்மதம் சொன்னனீங்கள். இப்ப ஒரு கறுப்புப் பெட்டிக்கு இவ்வளவு நாளோ?"

"அண்டைக்கு எனக்கு ரெண்டு மொடல் காட்டேல்லையே."

அன்றைக்குப் பிளேன்ரீ எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவளே கேட்டாள், "உங்களுக்கு உண்மையிலயே பயமெண்டால் வேற படக்காரனை அனுப்புங்கோவன்." விசாரித்தேன். மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் கமரா பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் அன்றைக்கு ஒரு கலியாண வேலை இருந்தது. தவக்காலம் யாரையும் மிச்சம் வைக்கவில்லை.

இருட்டில் என் தேவை எவ்வளவு என்று அளந்தாவது பார்ப்போம் என்று பொழுது சாயும் நேரத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். மன்னாரில் சும்மா நின்று தரக்கூடிய மொடல் கழுதைதான். தெருவுக்குத் தெரு நிற்கும். ஒரு சோடியைப் பிடித்து மாப்பிள்ளை பொம்பிளையாக நினைத்துக்கொண்டு எடுத்தேன். பதினொரு படம். நாலாவதிலும் ஏழாவதிலும் பட்டை. மறுபடி பதினொன்று. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஒன்பதாவதிலும் பட்டை. ஆக, பத்துக்கு ஒன்று என்ற கணக்கும் இப்போது பொய். பொம்பிளைக் கழுதை வெறுத்துப்போய் நடையைக் கட்டியது. மாப்பிள்ளை மட்டும் தலையை ஆட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் இருவரில் யாருக்கு அறிவு கூட என்று அதற்குச் சந்தேகமே இல்லை என்று பட்டது.

அடுத்தநாள் கொழும்பு பஸ் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி இரண்டு பொடியையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நான் இதைத் தூக்கினேன், அதை வைத்தேன், அதைத் தூக்கினேன், இதை வைத்தேன். வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் தூக்கினேன்.

"அண்ணன், நீங்க எடைக்கா வாங்கப் போறீங்க?" என்று கேட்டான் அவன்.

"தம்பி, உம்மட கலியாணமெண்டால் எதைக் கொண்டு எடுக்கச் சொல்லுவீர்?"

"என்ட கலியாணத்துக்கு நான் பொண்ணத்தான் பார்ப்பேன். கமராவப் பார்க்க மாட்டேன்."

நியாயமான பேச்சு. அது மண்டைக்குள் போயிருந்தால் எவ்வளவோ நல்லது. நான் மறுபடி பெரிய பொடியைத் தூக்கினேன். சும்மா ஒருதரம் அமுக்கினேன். டடார்! என் பழையதுக்கு அண்ணன். பீடத்துக்குப் பக்கத்தில் இது வெடித்தால் ஃபாதர் என்ன செய்வார் என்று நினைத்து அதை மேசையில் வைத்தேன். புதியதை அமுக்கினேன். பல்லி ஒரு சொல் சொன்னதுபோல ஒரு சின்ன டிக். "இதுக்குள்ள சத்தமில்லாத முறை ஒண்ணும் இருக்கு," என்று அவன் ஏதோ ஒரு குமிழைத் திருப்பித் தந்தான். அமுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. திரையில் பார்த்தால் அவனுடைய முகம் அச்சொட்டாக இருந்தது.

சென்சர், லென்ஸ், இருட்டு, மணல், கொப்பியில் கிழித்த கோடு, எல்லாம் அந்த இடத்தில் முடிந்தன. இன்டர்நெட்டில் ஒருத்தனும் சொல்லாத காரணத்துக்காக நான் புதியதை வாங்கினேன். ஃபாதருக்குப் பயந்து.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, பெரிய பொடியை வாங்கியிருக்கலாமோ என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கலியாணநாள் காலையில் பொம்பிளை வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் வாழை கட்டியிருந்தது. குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். நடுவில் அக்காவும் பொம்பிளையும். பக்கத்தில் அக்காவின் தமையன், கடற்தொழில் செய்கிற மனிதர், பெரிய மீசை, பெரிய நெஞ்சு. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

கோயிலில் தடுமாறக்கூடாதென்று அந்தச் சத்தமில்லாத முறையில் முதல்நாளே திருப்பி வைத்திருந்தேன். ஐந்து படம் எடுத்தேன். பட்டை இல்லை. எனக்கு மூன்று கிழமைக்குப் பிறகு முதல் சந்தோசம்.

"சரி, முடிஞ்சுது," என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

"முடிஞ்சுது, போகலாம்."

தமையனின் முகம் சிவந்து, பிறகு கறுத்து, கடைசியில் புஸ் என்று காற்று வெளியே வந்தது. "எடும் எடும் எண்டு எவ்வளவு நேரமாத் தம் பிடிக்கிறது? எடுக்கேல்லையே?"

"எடுத்திட்டன் அண்ணை."

"சத்தம் கேக்கேல்லை."

"இது சத்தம் போடாத கமரா அண்ணை. புதுசு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தம் போடாமல் படம் எடுக்கிற ஆக்களை எங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில வருவாங்கள், போனைக் காதில வைச்சுக் கதைக்கிற மாதிரி நிப்பாங்கள், பேர் சொல்லாமல் போவாங்கள். நீர் அவங்களோட எப்பவிருந்து?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாக விலகிப் போனதை நான் கண்டேன். புலனாய்வுக்காரர் களவாகப் படம் எடுத்துத் திரிந்த அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்குக் கமராவின் சத்தம் ஒரு வாக்குமூலம் மாதிரி: நான் இப்போது எடுக்கிறேன், உனக்குத் தெரியத்தான் எடுக்கிறேன். அதை எந்த இன்டர்நெட்டும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதே சனம்தான் நானும். எனக்கே அது தோன்றவில்லை.

அக்கா முன்னால் வந்தார். "தம்பி, உண்மையாத்தான் எடுக்கிறீங்களோ?"

பின்பக்கத் திரையைக் காட்டினேன். வெயிலில் அது கண்ணாடிபோல மின்னியது. "என்ர முகம்தான் தெரியுது. அதுவும் கறுப்பா," என்றார். அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது. சூட்கேஸ் ஒருமுறை போன மனிதர்.

குமிழைச் சாதாரண நிலைக்குத் திருப்பினேன். டிக். "உது பல்லி," என்றார் தமையன்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோமாளி யோசனை வந்தது. பழைய கமராவைத் துணைக்குப் பையில் கொண்டுவந்திருந்தேன். எடுத்துக் கழுத்தில் மாட்டினேன், லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை. வலக்கையில் புதியதைப் பிடித்து எடுத்தபடி, இடக்கையால் வயிற்றில் தொங்கிய பழையதை அமுக்கினேன்.

டக்கடார்!

வரிசை முழுதும் மூச்சு விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆ! இப்பதானே எடுத்தது," என்று தமையன் என் தோளில் தட்டினார். அந்தக் காலை முழுக்க அப்படியே ஓடியது. வலக்கை படம் எடுக்க, இடக்கை சத்தம் எடுக்க, நான் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன்போல வளவுக்குள் திரிந்தேன்.

கோயில் வாசலில் ஃபாதர் நின்றார்.

"இண்டைக்காவது அமைதியோ?"

"புதுக் கமரா ஃபாதர். நான் எங்க நிக்கிறனெண்டு நீங்களே தேடுவீங்கள்."

"அப்ப பழையது ஏன் கழுத்தில?"

"அது... பழகின தோசம் ஃபாதர்."

அவர் சந்தேகத்தோடு உள்ளே போனார்.

கோயில் அரைவாசிதான் கட்டி முடிந்திருந்தது. இரண்டு ரியூப் லைட், பக்கவாட்டில் ஒரு யன்னல். ஃபிளாஷ் அடிக்கக்கூடாதென்பது ஃபாதரின் இன்னொரு கட்டளை. நான் பீடத்தின் ஓரத்தில் நின்ற சூசையப்பர் சிலைக்குப் பக்கத்தில் இடம்பிடித்துக் குமிழைச் சத்தமில்லாத முறைக்குத் திருப்பினேன். என் லென்சுக்கு நேரே மாப்பிள்ளையும் பொம்பிளையும், அவர்களுடைய தோள்களுக்கு நடுவே, முதல் வரிசை வாங்கில், அக்கா.

மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கையில் எடுத்தான். அவனுடைய தமக்கை கொடியைப் பூட்ட உதவுவதற்காகப் பொம்பிளையின் பின்னால் வந்து நின்றாள். நான் அமுக்கினேன். படம் விழுந்தது. அமுக்கினேன். விழுந்தது.

அக்கா என்னைப் பார்த்தார்.

புருவத்தை உயர்த்தினார். எடுக்கிறீங்களோ? நான் தலையை ஆட்டினேன், அமுக்கினேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் பலமாகத் தலையை ஆட்டினேன், என் கழுதை மாப்பிள்ளைபோல. அவர் அசையவேயில்லை. காது என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் காத்திருந்தது எதற்கென்று எனக்குத் தெரியும். என் இடக்கை பழைய கமராமேல் போய் நின்றது. அமுக்கினால் ஃபாதர் பூசையை நிறுத்தி என்னை வெளியே அனுப்பக்கூடும். அமுக்காவிட்டால் இந்த மனுசி என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் ஃபாதரைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், ஃபாதரைப் பார்த்தேன். கனநாள் இரண்டு பொடிகளுக்கு நடுவே நின்று பழகிய ஆள் அல்லவா, இங்கேயும் நின்றேன். வலக்கை மட்டும் தன்பாட்டில் அமுக்கிக்கொண்டிருந்தது.

சனம் கைதட்டியது. தாலி ஏறிவிட்டது.

அப்போதுதான் என் இடக்கைக்குத் தைரியம் வந்தது. டக்கடார்! ஃபாதர் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா நீண்ட மூச்சொன்றை விட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்தார்.

பிறகு ஃபாதர் எனக்குச் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அல்பம் எடுக்க அக்கா வந்தது தவக்காலம் முடிந்து, உயிர்ப்பு ஞாயிறும் கழித்து. சுவரில் மாட்ட எது பெரிதாக வேண்டும் என்று கேட்டு இரண்டு படங்களை மேசையில் வைத்தேன். முதலாவது தாலி கட்டும் படம். பட்டை இல்லை. மணல் கொஞ்சம் இருந்தது, நான் சொன்னால்தான் தெரியும். மாப்பிள்ளையின் விரல், பொம்பிளையின் குனிந்த தலை, கொடி, எல்லாம் துல்லியம். இரண்டு தோள்களுக்கும் நடுவே அக்காவின் முகம், லென்சை நேராகப் பார்த்தபடி, புருவத்தை உயர்த்தியபடி.

அக்கா படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நானோ?"

"ஓம் அக்கா."

"ஏன் உங்களைப் பாக்கிறன்?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எனக்கு அப்படி நடப்பது குறைவு. "எடுக்கிறனோ எண்டு பாத்தனீங்கள் அக்கா."

அவர் படத்தை மேசையில் வைத்தார். "அப்ப பிள்ளைக்குத் தாலி கட்டினதை நான் காணேல்லையே தம்பி."

நான் அவசரமாக இரண்டாவது படத்தை நகர்த்தினேன். சத்தம் கேட்ட பிறகு எடுத்தது. அதில் அக்கா மகளைப் பார்க்கிறார், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "இதைப் பெருப்பிப்பம் அக்கா. இதுதான் வடிவு. அதில உங்கட முகம் பொலிஸ்காரி மாதிரியெல்லோ இருக்குது."

"இதில கட்டி முடிஞ்சுது," என்று அதைத் திருப்பித் தந்தார். முதலாவதில் விரலை வைத்தார். "இதைத் தாங்கோ. நான் காணாததைத்தானே சுவரில வைச்சுப் பாக்கவேணும்."

அடுத்த கிழமை வந்து, சட்டம் போட்ட படத்தைச் சேலைத்தலைப்பால் ஒருமுறை துடைத்து, பத்திரிகைத்தாளில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"சின்னவளுக்கும் ஓரிடம் பேசியிருக்கு. நீங்கள்தான் வரவேணும். அந்தச் சத்தம் போடுறதையும் கொண்டுவாங்கோ."

"ஃபாதர் என்னை விடமாட்டார் அக்கா."

"கோயிலுக்கு வெளியில நிண்டு முதலே ஒருக்கா அடியுங்கோ. நான் கேட்டிட்டு உள்ள போறன். பேந்து நீங்கள் உங்கட பாட்டில எடுங்கோ. நான் பிள்ளையைப் பாக்கவேணும்."

அவர் போனதும் பழைய கமராவை அலுமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி, ஒருதரம் அமுக்கிப் பார்த்தேன். டக் என்றது. கடார் வரவில்லை.

மறுபடி அமுக்கினேன்.